சிறிய மின்சார அவுட்போர்டு மோட்டார்களில் புரொப்பல்லர் இயக்கக் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரியிலும் காயலிலும் சிறு படகுகளைச் செலுத்தும் 12 வோல்ட், 24 வோல்ட் மின்சார மோட்டார்களைப் பற்றியவை இக்கேள்விகள். இவ்வகை மோட்டார்களில் நேரும் பழுதுகளில் பெரும்பகுதி, மோட்டாரின் தண்டுக்கும் புரொப்பல்லருக்கும் இடையிலுள்ள சில சென்டிமீட்டர் இடத்திலேயே நிகழ்கிறது. அந்த இடத்தைப் புரிந்துகொண்டவர் தம் படகைப் பெரும்பாலும் தாமே சரிசெய்துகொள்ளலாம்.

மோட்டார் சுற்றும் ஓசை கேட்கிறது, படகு நகரவில்லை. என்ன பழுது?

பெரும்பாலும் மோட்டாரில் பழுது இராது. தண்டையும் புரொப்பல்லரையும் பிணைக்கும் சிறிய உலோகப் பின் முறிந்திருக்கும். பற்சக்கரமின்றி மோட்டாரின் தண்டே புரொப்பல்லரைச் சுற்றும் நேரடி இயக்க மோட்டார்களில் தண்டின் முனைக்கு அருகே குறுக்காக ஒரு துளை உண்டு. அதில் செருகிய பின்னின் இரு நுனிகளும் புரொப்பல்லர் குடத்தின் (இதழ்கள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதியின்) உட்புறக் காடியில், அதாவது பள்ளத்தில், அமர்கின்றன. தண்டின் முறுக்குவிசை முழுவதும் அந்த இரு நுனிகள் வழியாகவே புரொப்பல்லரைச் சேர்கிறது. பின் முறிந்தால் தண்டு மட்டும் உள்ளே சுற்ற, புரொப்பல்லர் நீரின் எதிர்ப்பில் நின்றுவிடும். சுமை நீங்கிவிட்டதால் மோட்டாரின் ஓசை வழக்கத்தைவிட மெலிந்தும் கீச்சென்றும் கேட்கும். இழுக்கும் மின்னோட்டமும் வெகுவாகக் குறையும்.

இதே பழுதில் பலரை ஏமாற்றும் ஒரு நிலை உண்டு. மோட்டாரைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி ஒரு நொடி இயக்கிப் பார்த்தால், பின் முறிந்திருந்தாலும் புரொப்பல்லர் சுற்றவே செய்யும். ஏனெனில் நட்டும் வாஷரும் அழுத்துவதால் உண்டாகும் உராய்வே காற்றில் அதைச் சுழற்றப் போதுமானது. நீருக்குள் இறக்கியதும் அது வழுக்கி நிற்கும். ஆகவே வெளியே இயக்கிப் பார்ப்பது சோதனையாகாது, விரல்களுக்கும் ஆபத்து. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தண்டின் முனையில் உள்ள கீறலில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, புரொப்பல்லரைக் கையால் திருப்பிப் பாருங்கள். தண்டு நிற்கும்போது புரொப்பல்லர் மட்டும் திரும்பினால் பின்னோ குடத்தின் காடியோ போய்விட்டது என்பது உறுதி.

நீர்ப்பரப்பின் நடுவில் இது நேர்ந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

லைஃப் ஜாக்கெட் அணிந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, நங்கூரத்தை இறக்குங்கள். காற்றில் அடித்துச் செல்லப்படும் படகில் குனிந்து வேலை செய்வதுதான் உண்மையான அபாயம். அடுத்து பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். வேக விசையை அணைத்து வைத்தால் போதாது. கை புரொப்பல்லரில் இருக்கும்போது முழங்கை விசையில் பட்டால் நேரும் காயம் சிறியதாக இராது. துடுப்பால் கரை சேர முடியும் தொலைவென்றால் கரைக்குப் போய்ச் சரிசெய்வதே நல்லது. படகின் விளிம்புக்கு வெளியே சாய்ந்து நட்டைக் கழற்றுபவர்களின் பின்னும் வாஷரும் ஏரிக்கு அடியில்தான் கிடக்கும். மோட்டாரைச் சாய்த்துப் படகுக்குள் திருப்பி, கீழே ஒரு துணியை விரித்து வேலை செய்யுங்கள்.

பின் ஏன் உடைகிறது? உடையாத கடினமான பின்னைப் போட்டுவிடலாமே?

போடக்கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மின்மோட்டாரின் இயல்பு பெட்ரோல் எஞ்சினின் இயல்பிலிருந்து வேறுபட்டது. புரொப்பல்லர் பாறையிலோ மரக்கட்டையிலோ சிக்கினால் சிறிய பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் அணைந்துபோகும். நிரந்தரக் காந்த மின்மோட்டாரோ, சுழற்சி நின்ற நிலையில்தான் தன் உச்ச முறுக்குவிசையைத் தரும். அந்நிலையில் அது இழுக்கும் மின்னோட்டம் சாதாரண ஓட்டத்தின் பல மடங்காகும். சுழலாத மோட்டாரில் அந்த மின்னோட்டம் முழுவதும் வெப்பமாகவே மாறுவதால், சிறிது நேரத்திலேயே சுருள்களின் காப்புப் பூச்சு கருகத் தொடங்கும். ஃபியூஸ் அல்லது சர்க்யூட் பிரேக்கர் துண்டிப்பதற்கும் சற்று நேரம் பிடிக்கும். மோதும் அந்தக் கணத்தில் தண்டையும் சுருள்களையும் காப்பது இந்தப் பின் மட்டுமே. துரப்பண அலகின் அடித்தண்டை வெட்டியோ கடினப்படுத்திய எஃகுக் கம்பியைச் செருகியோ ஓட்டினால், அடுத்த மோதலில் வளையப் போவது தண்டு. அந்தத் தண்டு ஆர்மேச்சருடன், அதாவது சுருள்கள் சுற்றிய சுழலும் பகுதியுடன், ஒன்றாக இணைந்தது; அதை மாற்றுவதென்றால் மோட்டாரின் விலையில் கணிசமான பங்கைச் செலவிட நேரிடும். மோட்டாரைத் தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட பின்னையே, அதே விட்டத்திலும் நீளத்திலும் வாங்கிப் பொருத்துங்கள்.

பின்னை மாற்றும் முறையைச் சொல்லுங்கள்.

பேட்டரியைத் துண்டித்த பின் புரொப்பல்லரைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டைப் பொருத்தமான ஸ்பேனரால் கழற்றுங்கள். பின் முறிந்திருந்தால் புரொப்பல்லரைப் பிடிப்பதால் தண்டு நிற்காது. அப்போது தண்டு முனையின் கீறலில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பிடிக்க வேண்டும். நட்டும் வாஷரும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைக் கழற்றுமுன் செல்பேசியில் படமெடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது ஐயம் எழாது.

புரொப்பல்லரை நேராகப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். அதற்குமுன் பின் கிடைமட்டமாக இருக்கும்படி தண்டைத் திருப்பிக்கொள்ளுங்கள். செங்குத்தாக இருந்தால் குடம் விலகிய உடனே பின் நழுவிக் கீழே விழும். முறிந்த பின்னின் நடுத்துண்டு தண்டின் துளைக்குள்ளேயே தங்கியிருந்தால், துளையைவிடச் சற்றே மெல்லிய கம்பியை வைத்துத் தட்டி வெளியேற்றலாம். துளையின் ஓரங்கள் சிதையும்படி ஓங்கி அடிக்க வேண்டாம்.

புதிய பின்னைச் செருகும் முன் தண்டைத் துணியால் துடைத்து, நீரில் கரையாத கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். பின்னின் இரு நுனிகளும் தண்டின் இருபுறமும் சமமாக நீண்டிருக்கட்டும். குடத்தின் காடி பின்மீது முழுமையாக அமர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே வாஷரையும் நட்டையும் இடுங்கள்; காடி பின்மீது ஏறி நிற்கும் நிலையில் நட்டை முறுக்குவதால் குடம் விரிசல் கண்ட மோட்டார்கள் பழுதுக்கடைகளுக்கு அடிக்கடி வருகின்றன. எவ்வளவு இறுக்குவது என்பதிலும் கவனம் தேவை. மின் கோட்டா (Minn Kota) என்னும் மோட்டார் நிறுவனத்தின் கையேடு, நட்டு தட்டி நின்றபின் கால் சுற்று மட்டும் இறுக்கச் சொல்கிறது. அளவில் அது 25 முதல் 35 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.8 முதல் 4 நியூட்டன் மீட்டர். குடம் பிளாஸ்டிக் என்பதால் அதற்கு மேல் இறுக்குவது அதை உடைக்கும் வேலை. நட்டின் உள்ளே நைலான் வளையம் இருந்து, அது தேய்ந்து கையாலேயே நட்டு சுற்றும் நிலைக்கு வந்திருந்தால், புதிய நட்டு போடுங்கள்.

நட்டைக் கழற்றிய பிறகும் புரொப்பல்லர் வெளியே வரவில்லை.

வளைந்த பின் குடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது உப்பும் துருவும் இறுகியிருக்கும். ஓர் இதழின் அடிப்பகுதியைப் பிடித்து இழுத்துக்கொண்டே எதிர்ப்பக்க இதழின் அடிப்பகுதியைப் பின்புறத்திலிருந்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பக்கங்களை மாற்றிமாற்றித் தட்டினால் சிறிது சிறிதாக விலகும். மோட்டார் உறைக்கும் குடத்துக்கும் இடையே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்புவது வேண்டாம். அந்த இடத்திற்கு உட்புறமாகத்தான் மோட்டாருக்குள் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் இருக்கிறது. தீச்சுடர் காட்டிச் சூடாக்குவதும் கூடாது.

கையில் மாற்றுப் பின் இல்லை. கரை திரும்ப என்ன வழி?

அதே விட்டமுள்ள பித்தளைக் கம்பியோ, தலையை வெட்டிய சாதாரண இரும்பு ஆணியோ கரை சேரும்வரை தாங்கும். மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, பாதி வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுங்கள். துளையைவிட மெல்லிய கம்பி தொளதொளவென்று ஆடி, ஒவ்வொரு முறையும் தண்டின் துளையைச் சிறிது அகலப்படுத்தும். ஆகவே கரை சேர்ந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்.

எதிலும் மோதாமலேயே பின் மீண்டும் மீண்டும் உடைகிறது. ஏன்?

பின்னைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு அதைச் சுற்றியுள்ளவற்றைப் பார்க்க வேண்டிய நேரம் இது. முதல் ஐயம் தளர்ந்த நட்டின்மீது எழ வேண்டும். நட்டு தளர்ந்தால் குடம் முன்னும் பின்னும் நகர்ந்து, வேகம் மாறும்போதெல்லாம் காடி பின்னைச் சுத்தியல்போல் அடிக்கும். உலோகம் சோர்ந்து ஒருநாள் சாதாரண ஓட்டத்திலேயே முறியும். காடி தேய்ந்து வாய் அகன்றிருந்தாலும் இதுவே நிகழும். குடத்தைத் திருப்பிப் பார்த்தால் காடியின் நேரான ஓரங்கள் உருண்டு, பிளாஸ்டிக் நசுங்கியிருப்பது தெரியும். அத்தகைய புரொப்பல்லருக்குப் பசையோ எபாக்ஸியோ பூசிப் பயன்படுத்துவது நிலைக்காது; மாற்றுவதே தீர்வு.

ஓட்டும் பழக்கமும் காரணமாகலாம். முழு வேகத்தில் முன்னோக்கிச் செல்லும்போது விசையை ஒரேயடியாகப் பின்னோக்கித் திருப்பினால், ஒருதிசையில் சுழலும் ஆர்மேச்சரின் வேகமும் நீரின் எதிர்ப்பும் அந்தச் சிறு பின்னின்மீதே மோதுகின்றன. விசையை நடுநிலையில் வைத்து ஓரிரு நொடி பொறுத்துத் திசை மாற்றுங்கள். மோட்டாருக்கு உரியதைவிடப் பெரிய புரொப்பல்லரைப் பொருத்தியிருந்தால் அதையும் கழற்றுங்கள். அது பின்னை மட்டுமன்றிச் சுருள்களையும் வருத்தும்.

புரொப்பல்லரில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டது. வெட்டி எடுத்தால் போதுமா?

கண்ணுக்குத் தெரியும் நரம்பை வெட்டி எடுப்பது பாதி வேலைதான். தங்கூசி நரம்பு (ஒற்றை இழை நைலான்) இதழ்களில் சுற்றுவதோடு நிற்பதில்லை. குடத்துக்கும் மோட்டார் உறைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் புகுந்து தண்டின்மீது இறுகச் சுற்றிக்கொள்ளும். தண்டு சுற்றச் சுற்ற உராய்வில் சூடேறி நைலான் உருகும். உருகிய நைலான் கெட்டியான வளையமாக இறுகி, சீலின் ரப்பர் உதட்டை அறுக்கும். பின்னல் நரம்பு உருகுவதற்கு முன்பே அரத்தைப்போல் அறுத்துவிடும். அறுந்த சீல் வழியாக அன்றே தண்ணீர் புகுந்தாலும், மோட்டார் அன்று நன்றாகவே ஓடும். அடுத்த முறை ஏரிக்குப் போகும்போதுதான் துரு தன்னைக் காட்டும். பின் முறிவது ஒரு மணி நேர வேலையைக் கெடுக்கும். நரம்பு மோட்டாரையே கொல்லும். இவ்விரண்டில் மக்கள் அஞ்சுவது பின்னுக்கு என்பதே எனக்கு வருத்தம்.

மீன்பிடிக்கும் இடங்களில் ஓட்டுபவர்கள் சில பயணங்களுக்கு ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றித் தண்டைப் பார்த்தே ஆக வேண்டும். நரம்பு சிக்கியது தெரிந்தால் அன்றே பாருங்கள். கத்தி முனையால் சீலின் பக்கம் கீறாமல், நரம்பின் நுனியைத் தேடி, அது சுற்றிய திசைக்கு எதிராகப் பிரித்தெடுங்கள். வெங்காயத்தாமரையும் நீர்ப்பாசியும் இவ்வளவு கேடு செய்வதில்லை. பின்னோக்கி ஒரு கணம் சுழற்றினால் பெரும்பாலும் விடுபடும். விடுபடாதபோது வேகத்தைக் கூட்டி அறுக்க முயலாமல், நிறுத்திக் கையால் அகற்றுங்கள்.

மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டது என்று எப்படி அறிவது?

புரொப்பல்லரைக் கழற்றி மோட்டாரின் முனையைக் கீழ்நோக்கி ஓர் இரவு சாய்த்து வையுங்கள். சீலைச் சுற்றிப் பழுப்பு நிற நீர் கசிந்திருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. கையால் சுழற்றும்போது நறநறவென்ற உணர்வும், அதே வேகத்துக்கு முன்பைவிடக் கூடுதல் மின்னோட்டமும் மற்ற அறிகுறிகள். டிசி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வைத்திருப்பவர்களுக்கு இங்கே பெரும் உதவி கிடைக்கும்: மோட்டார் நல்ல நிலையில் இருந்தபோது ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை ஆம்பியர் இழுத்தது என்று குறித்துவைத்தால், பின்னர் குறைந்த ஆம்பியர் முறிந்த பின்னையும், மிகுந்த ஆம்பியர் நரம்பையோ நீரையோ தேய்ந்த பேரிங்கையோ சுட்டும்.

நீர் புகுந்தது உறுதியானால் மீண்டும் ஓட்ட வேண்டாம். உள்ளே கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், காந்தங்கள், பேரிங் எல்லாம் ஈரத்தால் கெடும். கைப்பழக்கம் உள்ளவர் நீண்ட போல்ட்டுகளைக் கழற்றி, உலர்த்தி, சீல்களையும் ஓ-ரிங்குகளையும் மாற்றிப் பூட்டலாம். ஆர்மேச்சரை உறையிலிருந்து இழுக்கும்போது காந்தம் வலுவாகப் பற்றும். பிரஷ்கள் ஸ்பிரிங்கோடு தெறிக்கும். சீலின் உதடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் குறிக்காமல் கழற்றியவர்கள் மீண்டும் ஒருமுறை பிரிக்க நேரும்.

ஓட்டும்போது படகே அதிர்கிறது.

இதழ் ஒன்றின் நுனி உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிறு சிராய்ப்புகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். துண்டாகப் போயிருந்தால் மாற்ற வேண்டும். இதழ்கள் நன்றாக இருந்தும் அதிர்ந்தால், புரொப்பல்லரைக் கழற்றி 180 பாகை திருப்பிப் பூட்டிப் பாருங்கள். தண்டிலும் குடத்திலும் உள்ள சிறு ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதால் மோட்டார்க் கையேடுகளே இதைப் பரிந்துரைக்கின்றன. அதன் பிறகும் அதிர்வு தொடர்ந்தால், புரொப்பல்லர் இல்லாத வெறும் தண்டைக் கையால் மெல்லச் சுழற்றி அதன் முனையைப் பின்னாலிருந்து கவனியுங்கள். முனை ஓரிடத்தில் நில்லாமல் சிறு வட்டம் போட்டால் தண்டு வளைந்திருக்கிறது. அதைச் சுத்தியலால் நிமிர்த்த முடியாது. வளைந்த தண்டு சீலையும் விரைவில் தின்றுவிடும்.

புரொப்பல்லர் சுற்றுகிறது, ஆனால் உந்துவிசை குறைவாக உள்ளது.

ஆழம் போதாமல் புரொப்பல்லர் மேற்பரப்பின் காற்றை உள்ளிழுக்கலாம். இதழ்கள் நீர்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்படி தண்டுக்குழாயை இறக்குங்கள். அணியத்தில் பொருத்திய மோட்டார்களில், அலையில் படகின் முன்பகுதி எழும்போதெல்லாம் இது நேரும். சுமையின்றித் திடீரென உயரும் ஓசை அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆழம் சரியாக இருந்தால் பேட்டரியையும் கேபிளையும் சோதியுங்கள். புரொப்பல்லர்மீது குறை சொல்லப்படும் பல பழுதுகளின் வேர் இங்கே இருக்கிறது. 55 பவுண்டு உந்துவிசை, அதாவது ஏறத்தாழ 25 கிலோகிராம் விசை தரும் 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து மோட்டார்வரை 3 மீட்டர் தொலைவு என்றால் போகவர 6 மீட்டர் செம்புக் கம்பி. 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் வழியிலேயே ஏறத்தாழ 1.3 வோல்ட் இழப்பாகும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.3 வோல்ட் அளவே. பேட்டரியின் முனையிலும் மோட்டாரின் முனையிலும் ஓட்டத்தின்போதே வோல்ட்டேஜை அளந்து ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும். சூடாகும் இணைப்பு முனை எதுவாயினும் அது கோளாறான முனை.

மோட்டார் சுற்றவே இல்லை. இதுவும் புரொப்பல்லர் கோளாறாக இருக்குமா?

இருக்கலாம். பேட்டரியைத் துண்டித்துப் புரொப்பல்லரைக் கையால் திருப்புங்கள். நகரவே மறுத்தால் நரம்போ துருவோ பிடித்திருக்கிறது. எளிதாகத் திரும்பினால் மின்பக்கம் பாருங்கள்: ஃபியூஸ், பிரேக்கர், இணைப்பு முனை, பிரஷ். லித்தியம் பேட்டரி பயன்படுத்துவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: புரொப்பல்லர் சிக்கிய கணத்தில் ஏறிய மின்னோட்டத்தைக் கண்டு பேட்டரியின் உட்புறக் காப்புச் சுற்று வெளியீட்டை நிறுத்திவிடும், சிக்கலை நீக்கி, பேட்டரியின் கையேடு சொல்லும் முறையில் மீட்டமைத்தால் மோட்டார் உயிர்பெறும். ஐந்து வேக விசை கொண்ட பழைய வகையில் ஐந்தாம் வேகம் மட்டும் வேலை செய்தால், கீழ் வேகங்களுக்கான மின்தடைச் சுருள் எரிந்திருக்கும். அதற்கும் புரொப்பல்லருக்கும் தொடர்பில்லை.

பிரஷ் இல்லாத புதிய வகை மோட்டார்களுக்கும் இவை பொருந்துமா?

பின், காடி, நரம்பு, சீல் பற்றிச் சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். வேறுபடுவது உள்ளமைப்பு. ஈப்ரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 போன்றவை நேரடி இயக்கம் கொண்டவை. டார்கீடோ டிராவல் 1003 போன்றவற்றில் மோட்டாருக்கும் புரொப்பல்லருக்கும் இடையே பற்சக்கரத் தொகுதி உண்டு. பின்னும் காடியும் நல்ல நிலையில் இருந்தும் மோட்டார் சுற்றப் புரொப்பல்லர் நின்றால், அவ்வகையில் பற்சக்கரங்களை ஐயுற வேண்டும். அதை வீட்டில் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடங்கும்போது முன்னும் பின்னும் துடித்து நிற்கும் மோட்டாரில் மூன்று மின்கம்பிகளில் ஒன்றின் இணைப்பு விட்டிருக்கலாம். திரையில் பிழைக்குறி தெரிந்தால், விசையை மீண்டும் மீண்டும் திருகாமல் கையேட்டில் அக்குறியின் பொருளைப் பாருங்கள்.

உவர்நீரில் ஓட்டினால் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பழவேற்காடு, மட்டக்களப்பு வாவி போன்ற நீர்நிலைகளில் உப்புண்டு. நன்னீருக்கென்று செய்த மோட்டாரை அங்கே தொடர்ந்து பயன்படுத்தினால் நட்டும் தண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நல்ல நீரால் கழுவி, நாள் முழுதும் நீரில் ஊறவிடாமல் தூக்கி வையுங்கள். உப்புநீர் மோட்டார்களில் புரொப்பல்லருக்கு அருகே துத்தநாகக் காப்புத்துண்டு இருக்கும். அது மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் காப்பது; பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மீது பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது.

படகில் எப்போதும் எவற்றை வைத்திருக்க வேண்டும்?

இரண்டு மூன்று பின்கள், ஒரு நட்டு, ஒரு வாஷர், நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், தட்டை ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, சிறு கத்தி, பழைய துணி ஒன்று. இவை ஒரு சிறு டப்பாவில் அடங்கும். தொலைவான இடங்களுக்குப் போகிறவர்கள் ஒரு மாற்றுப் புரொப்பல்லரும் எடுத்துச் செல்லலாம். துடுப்பு எப்போதும் படகில் இருக்கட்டும்.

எந்த நிலையில் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்?

தண்டு வளைந்தால், தண்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்தால், சுருள் கருகிய வாடை வந்தால், பற்சக்கரத் தொகுதியில் பழுதென்று தெரிந்தால், உத்தரவாதக் காலம் முடியாமலிருந்தால் நீங்கள் பிரிக்க வேண்டாம். கொடுக்கும்போது மோட்டாரின் மாதிரி எண், பேட்டரியின் வகை, எந்த வேகத்தில் என்ன ஓசை கேட்டது, எதில் மோதியது, நரம்பு சிக்கியதா என்பவற்றை எழுதிக் கொடுங்கள். முறிந்த பின்னையும் தேய்ந்த குடத்தையும் எறிந்துவிடாமல் உடன் கொண்டுபோங்கள். பின் நேராக வெட்டுண்டதா, வளைந்து முறிந்ததா என்பதைப் பார்த்தே, அது ஒரே மோதலில் போனதா, நாட்பட்ட தளர்வால் போனதா என்று தேர்ந்த பழுதுபார்ப்பவர் சொல்லிவிடுவார்.